காய்ச்சல் விட்டுப்போன பசி

காய்ச்சல் வந்தால் ஆட்கள் இளைப்பார்கள். எனக்குக் காய்ச்சல் வந்த பிறகுதான் உடம்பு பெருத்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் என் கைகளைப் பார்க்கிறார்கள், அப்புறம் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களையும் அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தையும் ஒரே மூச்சில் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. பாதியில் களைத்துப்போகிறேன். அதனால் எழுதுகிறேன். எழுதுவதென்றால் நடுவில் நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

என் பெயர் ஜெயசீலி. ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தேன். என் வீட்டுக்காரர் தனபால், டேனரியில் தோலுக்குச் சாயமும் மெருகும் ஏற்றுகிற பிரிவில் மேஸ்திரி. எங்களுக்கு ஒரே பெண், பியூலா. அப்போது அவளுக்கு நாலு வயது. என் எடை ஐம்பத்தோரு கிலோ. அது எனக்குத் தெரிந்ததே, பள்ளியில் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை எடை பார்க்கும்போது நானும் ஏறி நிற்பேன் என்பதால்தான். மற்றபடி உடம்பைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு மைதானத்தை ஆறு சுற்று ஓடுவேன். த்ரோபால் டீமைத் திருப்பத்தூருக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறோம்.

எண்பதுகளின் ஆரம்பம். அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. பாலாற்றில் தண்ணீர் வந்தது என்று ஊரே பாலத்துக்குப் போய் வேடிக்கை பார்த்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் நெல் வயல், அதன் ஓரத்தில் பன்றி வளர்ப்பவர்களின் குடிசைகள். கொசு சொல்லி முடியாது. ஒரு வியாழக்கிழமை தலைவலியோடு எழுந்தேன். வெள்ளிக்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை கழுத்தை வளைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது பியூலாவுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். கையில் ரிப்பன் இருந்ததுவரை ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் பதினொரு நாள் எனக்கு இல்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். எனக்கு வலிப்பு வந்ததாம். தனபால் டேனரி முதலாளியின் காரைக் கேட்டு வாங்கி, பின் சீட்டில் என்னைக் கிடத்தி, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாராம். அங்கே என்னைச் சுருட்டிப் படுக்கவைத்து, முதுகெலும்புக்கு நடுவில் ஊசியை இறக்கி நீர் எடுத்தார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடுகிற நீர் அது. மூளையில் வீக்கம் இருந்தால் அதில் தெரிந்துவிடும். மூளைக்காய்ச்சல் என்றார்கள். பன்றியின் ரத்தத்தில் இருக்கிற வைரஸைக் கொசு எடுத்துவந்து மனுஷனுக்குக் கொடுப்பதால் வருகிறது, அதைக் கொல்ல மருந்து கிடையாது, வீக்கம் குறைய மருந்து கொடுப்போம், மீதி அவங்க உடம்பு பாத்துக்கணும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரம் அதே வார்டில் இதே காய்ச்சலோடு வந்தவர்களில் மூன்று பேர் திரும்பிப் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் நான் கண்ணைத் திறந்து, மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்து, "பசிக்குது" என்றேனாம்.

அந்த ஒரு வார்த்தைக்கு வார்டே சந்தோஷப்பட்டது. ரூத் என்று ஒரு சிஸ்டர், நாற்பது வயது இருக்கும், வேகமாகப் போய் டாக்டரைக் கூட்டிவந்தார். தனபால் வெளியே ஓடி ஒரு பன்னும் பாலும் வாங்கிவந்தார். நான் பன்னைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டேன். அவர் அழுதுகொண்டே இன்னொரு தடவை ஓடினார். பசி வந்துவிட்டால் ஆள் பிழைத்துவிட்டது என்று எல்லாருமே நினைத்தோம். அன்றைக்கு அப்படி நினைத்ததில் யாருடைய தப்பும் இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் என்னை எல்லாரும் ஊட்டி வளர்த்தார்கள். சபையிலிருந்து வருகிற பெண்கள் முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் கொண்டுவந்தார்கள். நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். எல்லாவற்றையும் என்றால், தூக்குப்பாத்திரத்தின் அடியை விரலால் வழித்து. நடை சரியாயிற்று, பேச்சு சரியாயிற்று, கை நடுக்கம் போயிற்று. பசி போகவில்லை.

இந்தப் பசியை எப்படிச் சொல்வது. எல்லாருக்கும் பசி தெரியும், ஆனால் எல்லாருடைய பசியும் சாப்பிட்டதும் அடங்கிவிடும். எனக்கு வயிறு கல்லாகி, மூச்சு முட்டி, இடுப்பு நாடாவைத் தளர்த்திய பிறகும் பசிக்கும். நெஞ்சுவரை சோறு நிற்கும், பசியும் அப்படியே நிற்கும். இட்லித் தட்டைத் திறக்கிற சத்தம், பக்கத்து வீட்டுத் தாளிப்பு, பள்ளி வாசலில் வேகிற கடலை, எது வந்தாலும் புத்தி அங்கேயே போய்விடும். அதோடு ஒரு தூக்கமும் சேர்ந்துகொண்டது. பகலில் நின்றபடியே கண் சொருகும். சித்திரை வெயிலில் எனக்கு மட்டும் குளிரும். மாதவிலக்கு நின்றுபோனது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். இவை எல்லாவற்றையும் தனித்தனிச் சங்கடங்களாக நினைத்தேனே தவிர, ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு மட்டுமில்லை, யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்து மாதத்தில் எழுபது கிலோ. ஒரு வருஷத்தில் எண்பத்தைந்து. ரவிக்கைகளை முதலில் பிரித்துத் தைத்தேன், பிறகு புதிதாகத் தைத்தேன், பிறகு தையல்காரரிடம் அளவு கொடுக்க வெட்கப்பட்டுப் பழையதிலேயே துணி ஒட்டுப் போட்டேன். மைதானத்தை ஒரு சுற்று நடக்க முடியவில்லை. பிள்ளைகள் சிரிக்கவில்லை, அதைச் சொல்லவேண்டும். நான் விசில் ஊதினால் என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஓடினார்கள், அவ்வளவுதான். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, உடம்பு தேறுகிறவரை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நூலகம் என்பது ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில் இரண்டு அலமாரி, ஒரு மேஜை.

ஊர் டாக்டரிடம் போனேன். சோற்றைக் குறைங்க, நடங்க என்றார். அதே டாக்டரிடம் மூன்று தடவை போனேன், மூன்றாவது தடவை அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தனபால் கெட்டவர் இல்லை. ஆரம்பத்தில் என் பெருத்த உடம்பு அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது, சாவிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த உடம்பு. போகப்போகப் பேஜாராகிவிட்டது. வாயைக் கட்டு என்று சொன்னார். பிறகு கெஞ்சினார். பிறகு கத்தினார். ஒரு நாள் சமையலறைக் கதவுக்கு ஒரு நாதாங்கி அடித்து, பூட்டுப் போட்டு, சாவியை டேனரிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குக் காரணம் நான்தான். பியூலாவுக்கு ஊட்டும்போது அவளுக்கு ஒரு வாய், எனக்கு இரண்டு வாய் என்று ஆகியிருந்தது. ஒரு சாயங்காலம் அவர் வந்தபோது குழந்தை காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "அம்மா சாப்ட்டாங்க. எனக்கு இல்ல" என்றாள். அவள் அழவில்லை, புகார் சொல்லவுமில்லை. நடந்ததைச் சொன்னாள். அவர் என்னை ஒன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூட்டு வாங்கப் போனார்.

வீட்டில் பூட்டு விழுந்தபிறகு பள்ளியில் ஆரம்பித்தது.

ஆசிரியர் அறையில் எல்லாருடைய சாப்பாட்டுப் பாத்திரங்களும் ஜன்னலோர பெஞ்சில் வரிசையாக இருக்கும். கணக்கு டீச்சர் ஷமீம் மேல்விஷாரத்துக்காரர். வாரத்தில் ஐந்து நாள் ஆம்பூரிலேயே அண்ணன் வீட்டில் தங்குவார். அவர் பாத்திரத்தில் சப்பாத்தியும் கைமாவும் இருக்கும். மூடி கொஞ்சம் தளர்வு, வாசனை வெளியே வந்துவிடும். மூன்றாவது பீரியடில் பெருக்குவதற்காகக் கதவு திறந்திருக்கும், அறையில் யாரும் இருக்கமாட்டார்கள். முதல் தடவை ஒரே ஒரு சப்பாத்தி எடுக்கலாம் என்றுதான் போனேன். நின்றபடியே முழுதும் தின்றேன். கழுவி, துடைத்து, மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். மதியம் அவர் திறந்து பார்த்து, வீட்டில் வெறும் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டார்கள் போல என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையின் சாவி இரண்டு பேரிடம் இருந்தது, ஒன்று தலைமையாசிரியையிடம், ஒன்று பெருக்கிக் கூட்டுகிற முனியம்மாவிடம். அறுபதை நெருங்குகிறவள். பதினாலு வருஷமாக அங்கே வேலை செய்தாள். அவளை அழைத்துக் கேட்டார்கள். அவள் எடுக்கவில்லை என்றாள். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னாள். நான் பக்கத்து மேஜையில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். சாவியை வாங்கிக்கொண்டு, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் துடைப்பத்தை மூலையில் சாத்தி வைத்துவிட்டு, பின்பக்க வழியாகப் போனாள். நான் எண் ஒட்டினேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் தனபாலிடம் சொன்னேன். சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு காலை அவர் சமையலறையைத் திறந்தபோது, அரிசி மூட்டையின் தையலை நான் பிரித்திருந்ததைப் பார்த்தார். பூட்டிய கதவுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பச்சையரிசி எடுத்துத் தின்றிருந்தேன். அவர் திட்டப்போகிறார் என்று நினைத்து, அதைவிடப் பெரியதைச் சொல்லிவிட்டேன். ஷமீம் டீச்சர், முனியம்மா, எல்லாம். அவர் மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டினார். பிறகு, "சீலி, உனக்குக் காய்ச்சலுக்கு முன்னாடி இப்பிடி இல்லியே" என்றார். இரண்டு வருஷத்தில் அந்தக் காய்ச்சலையும் இந்தப் பசியையும் முதன்முதலில் சேர்த்துச் சொன்னது அவர்தான். அன்றைக்கே டேனரிக்கு லீவு சொல்லிவிட்டு, பியூலாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, வேலூர் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, மூன்று பேர் சீட்டில் மூன்றாவது ஆளை உட்காரவைக்கவில்லை.

வெளிநோயாளிகள் கூடத்தில் இரண்டு நாள் காத்திருந்தோம். முதல் நாள் சீட்டு வாங்குவதிலேயே போயிற்று. கூடத்தில் வங்காளத்திலிருந்து வந்தவர்கள், ஆந்திராவிலிருந்து வந்தவர்கள், எல்லாரும் பாயைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேர் கூப்பிடுகிற கதவையே பார்த்தபடி. தனபால் என் பழைய ஃபைலைத் தேடிக்கொடுக்கச் சொல்லி நாலு ஜன்னலுக்கு நடந்தார். அவர் பசியோடு இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. என் எதிரில் சாப்பிடக்கூடாது என்று இருந்துவிட்டார்.

எங்களைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. ஐம்பது வயதுக்குள்தான், தலை முன்பக்கம் நரைத்திருந்தது. ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே, இனிமேல் சோற்றைக் குறைக்கிறேன் என்று சொல்லப்போனேன், அதுதான் எல்லா டாக்டர்களும் கேட்க விரும்புவது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சாப்ட்டு முடிச்சதும் உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"வயிறு வலிக்கும் டாக்டர். ஆனா பசி போகாது."

அவர் பேனாவை வைத்துவிட்டு, தூக்கம், தாகம், குளிர், மாதவிலக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் தனித்தனிச் சங்கடம் என்று நினைத்ததையெல்லாம் என்னைப் பார்க்காமலே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். அன்று மாலையே படுக்கை கொடுத்தார்கள்.

அங்கே இருபத்திரண்டு நாள். அதில் பாதி, எதற்காவது காத்திருந்த நாள். ஸ்கேன் என்பதெல்லாம் எங்கள் பேச்சிலேயே இல்லாத காலம். தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு கண்ணை மூடி, பக்கவாட்டில் ஒரு ஊசியின் வெள்ளைத் தலையை நகர்த்தி, எப்போது தெரிகிறது என்று கேட்டார்கள். மூளையின் அடியில் ஏதாவது கட்டி கண் நரம்பை அழுத்துகிறதா என்று பார்ப்பதற்காம். அழுத்தவில்லை. ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரையெல்லாம் ஜாடியில் பிடித்து அளந்தார்கள். இன்னொரு நாள் காலையிலிருந்து தண்ணீரே தராமல், மணிக்கு ஒரு தடவை எடை பார்த்து, சிறுநீர் பார்த்து, சாயங்காலம் வரை வைத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்காவிட்டாலும் சிறுநீர் கட்டுப்படாமல் போகிறதா என்று பார்க்கிற சோதனை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரூத் சிஸ்டர் அதே வார்டில்தான் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. ஃபைலில் பெயரைப் பார்த்துவிட்டு, மறுபடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பன்னு கேட்ட டீச்சரா" என்று மெதுவாகக் கேட்டார். அதற்குப் பிறகு எல்லாச் சோதனைக்கும் அவரே கூட வந்தார்.

எனக்குப் பக்கத்துப் படுக்கை குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், லுங்கித் தறி போடுகிற குடும்பம். கை விரல்கள் மரத்துப்போய் வந்திருந்தாள். இரண்டாம் நாளே என் நிலைமையைப் புரிந்துகொண்டாள். சாப்பாடு வந்ததும் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவாள். மரத்த விரல்களால் தட்டைப் பிடிக்க முடியாது, இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு போவாள். தினமும் மூன்று வேளை.

ஆறாவது நாள் அந்தச் சோதனை. டாக்டரம்மா தனபாலையும் கூட உட்காரச் சொன்னார். அன்றைக்கு நான் கேட்கிறவரை சாப்பாடு தருவார்கள், நான் போதும் என்று சொல்லும்போது நிறுத்துவார்கள். ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். திரைச்சீலை இழுத்துவிட்டார்கள். இரண்டு வருஷமாக ஒளிந்து சாப்பிட்டவளுக்கு, நோட்டோடு உட்கார்ந்திருக்கிற ஒருத்தி முன்னால் சாப்பிடுவது உடையில்லாமல் நிற்பதுபோல் இருந்தது. ஆனாலும் கை போயிற்று. எட்டு இட்லி, பன்னிரண்டு இட்லி, பதினாறு. வியர்த்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பத்தொன்பதாவதை வாயில் வைத்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, மெல்லுவது நிற்கவில்லை. போதும் என்ற வார்த்தை எனக்கு எங்கிருந்தும் வரவில்லை. தனபால் எழுந்து என் கையிலிருந்த இட்லியை வாங்கித் தட்டில் வைத்தார். "நிறுத்துங்க டாக்டர்" என்றார். "இவ ஆசைப்பட்டுத் திங்கிறான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் என்னை அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. நான் தின்று முடித்த பாத்திரங்களைத்தான் பார்த்திருந்தார்.

முடிவு வந்தபோது டாக்டரம்மா என் படுக்கை ஓரத்திலேயே உட்கார்ந்து, ஒரு சீட்டின் பின்புறம் மூளையைப் படமாகப் போட்டுச் சொன்னார். மூளையின் அடியில், நெற்றிக்கும் பிடரிக்கும் நடுவே, ஒரு புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய இடம் இருக்கிறது. பசி, தாகம், தூக்கம், உடம்புச் சூடு, மாதவிலக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் அதிகாரி. வயிறு நிறைந்த சேதி அங்கே போனால்தான் ஒருவருக்குப் போதும் என்று தோன்றும். அந்த வைரஸ் போகும்போது அந்த இடத்தைக் கொஞ்சம் சிதைத்துவிட்டுப் போயிருக்கவேண்டும். சேதி வருகிறது, வாங்கிக்கொள்ள ஆளில்லை. தைராய்டு என்கிற சுரப்பியும் அந்த அதிகாரியின் உத்தரவு இல்லாமல் மந்தமாகிவிட்டது, அதனால்தான் குளிர், தூக்கம். தின்பதும் ஜாஸ்தி, செலவழிவதும் கம்மி. மூளைக்காய்ச்சல் வந்த எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, ரொம்ப அபூர்வம் என்றார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படித்ததாக இன்னொன்றும் சொன்னார். எலிகளுக்கு ஒரு வைரஸ் நோய் வந்தபோது, பிழைத்துக்கொண்டதில் சில எலிகள் பிற்பாடு கொழுத்துப்போயினவாம். கிருமி போன பிறகும் அது செய்த வேலை உடம்பில் தங்கிவிடலாம் என்று இப்போதுதான் யோசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள், எனக்கும் முழுசாகத் தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன் என்றார்.

தனபால் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சரியாகிவிடுமா. தைராய்டுக்கு மாத்திரை இருக்கிறது, குளிரும் தூக்கமும் குறையும், அந்த இடம் மறுபடி முளைக்காது, பசி இருக்கும் என்றார். தனபால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் படுக்கையிலிருந்து பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றார். சாயம் ஏறிக் கறுத்துப்போன விரல்கள் கம்பியில் அசையாமல் இருந்தன.

அவர் இல்லாத நேரம் பார்த்து நான் டாக்டரம்மாவிடம் ஷமீம் டீச்சரின் சப்பாத்தியையும் முனியம்மாவையும் சொன்னேன். சொல்லிவிட்டு, அதுவும் இந்தக் காய்ச்சல் செய்ததுதானா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படம் போட்ட சீட்டை நாலாக மடித்தார்.

"எடுத்துச் சாப்பிட்டது காய்ச்சலா இருக்கலாம். சும்மா இருந்ததுக்கு என்கிட்ட டெஸ்ட் கிடையாதும்மா."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை நான் இன்றைக்கும் மறக்கவில்லை, மறக்க முயற்சி செய்யவுமில்லை.

மீதி நாட்களில் என்னைச் சாப்பிடப் பழக்கினார்கள். அளந்த தட்டு, கடிகாரம் பார்த்துச் சாப்பாடு, சாப்பிட்டு முடிந்ததும் இருக்கிற இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவது. பசியைக் கேட்காதே, கடிகாரத்தைக் கேள் என்று ரூத் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் பூட்டு வேண்டும் என்று டாக்டரம்மாவே சொன்னபோது தனபால் தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்குப் போனதும் அந்த நாதாங்கியைப் பிடுங்கிவிடுகிறேன் என்று என்னிடம் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். பிடுங்கவேண்டாம், சாவி உங்களிடமே இருக்கட்டும், ஆனால் போகும்போது நான் பார்க்கிற மாதிரி பூட்டிவிட்டுப் போங்கள் என்றேன்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் முனியம்மாவைத் தேடிப் போனேன். உன் வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று தனபால் முந்தின இரவு ஒரு தடவை கேட்டார், இரண்டாவது தடவை கேட்கவில்லை. கூட நடந்துவந்தார். இருபது அடிக்கு ஒரு தடவை நான் நிற்க, அவரும் நின்றார். முனியம்மா ஒரு தோல் மண்டியில் உப்பு உதறுகிற வேலையில் இருந்தாள். வெளியூரிலிருந்து உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோல்களை எடுத்து உதறிப் போடவேண்டும். கை முழுக்க வெடிப்பு. அந்த வெடிப்புகளில் உப்பு இறங்குகிற வேலையை அந்த வயதில் மூன்று மாதத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருந்தாள்.

சாக்கின் மேல் உட்கார்ந்து சொன்னேன். காய்ச்சல், மூளை, அதெல்லாம் சொல்லிப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன். டிபனை எடுத்தது நான், நீ அல்ல என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்று முடித்தேன். அவள் வெடித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பசின்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா டீச்சர். எங்கிட்ட கேட்டிருந்தா நானே எதுனா கொண்டாந்து குடுத்திருப்பேன்."

அவள் அடுத்த தோலை எடுத்தாள். அதை உதறிக்கொண்டே, "இத்த எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம். அங்க சொல்லு. நான் நிக்கிறேன், எல்லாரும் இருக்கிறப்ப சொல்லு" என்றாள்.

தலைமையாசிரியை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. முடிந்துபோன விஷயம், அவளை வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, நீங்கள் எதற்கு உங்கள் பேரைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றார். எனக்கு ஒரு மெமோ வரும், சம்பள உயர்வு தள்ளிப்போகும் என்றும் சொன்னார். இரண்டும் பிற்பாடு நடந்தன. நான் எதிரே உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் திங்கட்கிழமை மதிய இடைவேளைக்குச் சரி என்றார்.

முனியம்மா துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஆசிரியர் அறையில் பதினோரு டீச்சர்கள். உட்காரச் சொன்னதற்கு அவள் உட்காரவில்லை, கதவோரம் நின்றாள். சீக்கிரம் ஆகட்டும், மண்டியில் அரை நாள்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றாள். நான் எழுந்து நின்றேன்.

"ஷமீம் டீச்சர் டிபனை மூணு தடவையும் எடுத்துச் சாப்பிட்டது நான். முனியம்மாவைக் கேட்டப்ப நான் பக்கத்திலேயே இருந்தேன். சொல்லல."

ஷமீம் டீச்சர் முகத்தை நான் பார்க்கவில்லை. தலைமையாசிரியை முனியம்மாவிடம், நாளையிலிருந்து வேலைக்கு வந்துவிடு என்றார். முனியம்மா எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"வேலைக்கு வர்லம்மா. இத்தக் காதால கேக்கணும்னுதான் வந்தேன்."

சொல்லிவிட்டு நடந்தாள், முன்பக்க வாசல் வழியாக. ஷமீம் டீச்சர் எழுந்து அவள் பின்னாலேயே வேகமாகப் போனார். ஜன்னல் வழியாக இரண்டு பேரும் கேட்டருகே நிற்பது தெரிந்தது. ஷமீம் டீச்சர் அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதுமில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை ஆனது. எனக்கு அளந்து வைத்த சாப்பாட்டு நேரம். என் பாத்திரத்தில் இரண்டு சப்பாத்தியும் அவித்த பீன்ஸும் ஒரு முட்டையும் இருந்தன. பசித்தது. அந்த நேரத்திலும், அப்படி ஒரு காரியம் செய்துவிட்டு நிற்கும்போதும், எப்போதும்போலவே பசித்தது. மற்றவர்கள் தங்கள் பாத்திரங்களைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேஜையின் நடுவில் போய் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, எல்லார் முன்னாலும் சாப்பிட்டேன்.